பட்டாளத்துப் பள்ளியாசான் இராம்ஜி சக்பால்

ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாளன்று ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் நம் மக்கள் வாழும் தெருக்கள்தோறும் அண்ணல் அம்பேத்கரின் திருவுருவப் படத்துக்கு மாலை சூட்டப்பெறுகிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து அண்ணலின் தந்தையார் யார் என்று வினவினால், இராம்ஜி சக்பால் என்று பெயரைத் தவறாது சொல்லிவிடுகின்றனர். அவர் என்ன தொழில் செய்தார் என்று மேலும் கேட்டால், பட்டாளத்தில் இருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். அதற்கு மேல் சொல்லும் பிள்ளையை முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட நம் ஆசிரியப் பணியில் நாம் கண்டதில்லை. பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. பெரியோராகிய நாமே அப்பெருமகனாரை ஒரு வரியில் சொல்லிக் கடந்து சென்றவர்கள்தாமே!

சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தபோது, அண்ணலைப் பற்றி எழுதுவதே முறை என்று முதலில் எண்ணினோம். பின்னர், அவருக்கு எழுத்தறிவித்தவரைப் பற்றி எழுதினால் என்ன என்ற எண்ணம் மேலோங்கிற்று. இராம்ஜி சக்பால் வெறும் படைவீரர் அல்லர். அவர் ஓர் ஆசிரியர். அதிலும் பதினான்கு ஆண்டுக் காலம் தலைமையாசிரியராய் இருந்தவர். நம் தொழிலைச் செய்தவர் என்ற உரிமையோடுதான் அவர் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

மராட்டிய நாட்டின் மேற்குக் கரையில் கொங்கணம் என்று வழங்கும் பகுதியில், இரத்தினகிரி மாவட்டத்து மண்டண்கட் வட்டத்தைச் சேர்ந்த அம்படவே என்னும் சிற்றூரே இவர்தம் முன்னோர் ஊராகும். மகர் என்னும் தீண்டப்படாத வகுப்பில் 1848ஆம் ஆண்டில் இவர் பிறந்தார். மகர் என்போர் மராட்டிய ஊர்களில் ஊர்க்காவல், செய்தி கொண்டு செல்லல், எல்லைத் தகராறுகளில் சான்று பகர்தல், இறந்த கால்நடைகளை அகற்றல் முதலிய பணிகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த மக்கள். நம் பக்கத்தில் வெட்டியான் என்றும் தோட்டி என்றும் ஊர்ப்பணி சுமத்தப்பட்ட நம் முன்னோரின் நிலையை அறிந்தோர்க்கு மகர்களின் நிலையைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஊர் இவர்களின் உழைப்பை ஏற்றது, நிழலை ஏற்கவில்லை.

இவ்விழிவிலிருந்து வெளியேற அக்காலத்தில் ஒரு வழி திறந்திருந்தது. அதுவே கிழக்கிந்தியக் கும்பினியாரின் படை. பம்பாய்ப் படையில் மகர்கள் பெருந்தொகையினராய்ச் சேர்ந்தனர். சென்னைப் படையிலும் இதுவே நிகழ்ந்தது. 1780ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டுப் பின்னர்ச் சென்னைச் சாப்பர் படை என்று பெயர் பெற்ற பிரிவில் பாதை வெட்டவும் பாலம் அமைக்கவும் வெடி வைத்துக் கோட்டைச் சுவரைத் தகர்க்கவும் முன்னின்றவர்களில் பறையர் வகுப்பினர் மிகப் பலர். பரங்கிமலையில் பீரங்கிப் படையும், பூந்தமல்லியில் வெள்ளைச் சிப்பாய்கள் வந்து தங்கும் கிடங்கும் இருந்த காலத்தை நம் பகுதி முதியோர் தம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டிருப்பர். ஆதலால் இராம்ஜியின் கதை எங்கோ கொங்கணத்துக் கதை என்று நம்மவர் ஒதுக்கிவிட வேண்டா.

இராம்ஜியின் தந்தையார் மாலோஜி சக்பாலும் படையில் பணியாற்றியவரே. தந்தையைப் பின்பற்றி மகனும் இளமையிலேயே படையில் சேர்ந்தார். தானே மாவட்டத்து முர்பாத் என்னும் ஊரைச் சேர்ந்த பீமாபாயை மணந்தார். பீமாபாயின் தந்தையார் படையில் சுபேதார் மேஜர் பதவி வகித்தவர். செல்வமும் செல்வாக்கும் உடைய குடும்பம். மருமகனோ அப்போது சாதாரணச் சிப்பாய். பெண் வீட்டார் ஏழை மருமகனைச் சற்றுத் தாழ்வாகவே நோக்கினர் என்று அண்ணலின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். ஒரே வகுப்புக்குள்ளும் பதவியாலும் பணத்தாலும் மேல்கீழ் பார்க்கும் இந்நோய் அன்றும் இருந்தது. இன்றும் நம் திருமணப் பேச்சுகளில் தலைகாட்டாமல் இல்லை.

இராம்ஜியை உயர்த்தியது துப்பாக்கியன்று, எழுத்தே. இதைச் சற்று விளக்குதல் வேண்டும். கும்பினிப் படையில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. சிப்பாய்களின் பிள்ளைகள் ஆணாயினும் பெண்ணாயினும் கட்டாயமாகக் கல்வி கற்க வேண்டும் என்ற ஏற்பாடே அது. பிள்ளைகளுக்குப் பகற்பள்ளி, வயது வந்த சிப்பாய்களுக்கு இரவுப் பள்ளி. வெளியே ஊர்ப் பள்ளியின் திண்ணையைக்கூட மிதிக்க முடியாத மகர்ப் பிள்ளை, படை முகாமுக்குள் பலகையும் பலப்பமும் ஏந்தி அமர்ந்தது. அண்ணலின் வீட்டுப் பெண்டிரும் எழுதப் படிக்க அறிந்திருந்தமைக்கு இதுவே காரணம்.

இப்பள்ளிகளுக்கு ஆசிரியர் வேண்டுமே? படையிலிருந்தே தக்கவரைத் தேர்ந்து புனா நகரில் இருந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுவித்தனர். மராட்டியத்தில் வாத்தியாரைப் பந்தோஜி என்பர். அப்பயிற்சியில் தேறியவர் இராம்ஜி. தேறிய பின் படைப் பள்ளியில் ஆசிரியராகி, பிறகு தலைமையாசிரியராகி, சுபேதார் பதவியும் எய்தினார். சீருடை அணிந்த தலைமையாசிரியர் என்று அவரைக் கருதலாம். மராட்டியிலும் ஆங்கிலத்திலும் நல்ல தேர்ச்சியுடையவர், கணக்கில் வல்லவர். மது அருந்தாதவர், புலால் உண்ணாதவர். கபீர்தாசரின் நெறியைப் பின்பற்றிய கபீர் பந்த் என்னும் கூட்டத்தைச் சார்ந்தவர். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பது அந்நெறியின் அடிப்படையாதலின் தாழ்த்தப்பட்டோர் பலர் அதில் சேர்ந்திருந்தனர்.

மத்திய இந்தியாவில் இந்தூருக்கு அருகிலுள்ள மாவ் என்னும் படை முகாமில் இவர் பணியாற்றியபோதுதான், 1891 ஏப்ரல் 14 அன்று, பதினான்காவது குழந்தையாகப் பீமராவ் பிறந்தார். பதினான்கில் நிலைத்தவை ஐந்தே: பலராம், ஆனந்தராவ், பீமராவ் என்ற மூன்று ஆண்மக்களும், மஞ்சுளா, துளசி என்ற இரு பெண்மக்களும். அந்த மாவ் நகருக்கு 2003ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் நகர் என்று பெயர் சூட்டப்பெற்றது.

பீமராவ் பிறந்த மறு ஆண்டு, அதாவது 1892இல், மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. போர்க்குணம் சில இனங்களுக்கே உண்டு, பிறர்க்கு இல்லை என்ற ஒரு கொள்கை அந்நாளில் வெள்ளைத் தளபதிகளிடையே பரவியிருந்தது. இக்கொள்கையை முன்னின்று வளர்த்தவர் இராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்துவிட்டுப் பிறகு இந்தியப் படைக்கே தலைமைத் தளபதியானவர். தென்னாட்டுச் சிப்பாய்கள் போருக்கு ஆகார் என்று முடிவு கட்டியவரும் அவரே. சென்னைப் படையின் காலாட் பிரிவுகள் பல அதன் பின் சுருங்கின. நூறாண்டு காலம் இவர்களைக் கொண்டு நாடு பிடித்துவிட்டு, பிடித்த பிறகு இவர்களுக்கு வீரம் இல்லை என்று கண்டுபிடித்தது விந்தையே!

வேலை போயிற்று என்பது மட்டுமன்று இதன் பொருள். சிப்பாய் இல்லையேல் சிப்பாயின் பிள்ளை இல்லை. அப்பிள்ளைக்குப் பள்ளியும் இல்லை. ஒரு வகுப்பு முழுவதற்கும் திறந்திருந்த ஒரே பள்ளிக்கூடக் கதவு ஓர் ஆணையால் மூடப்பட்டது. தலைமையாசிரியராகிய இராம்ஜிக்கு இது புரியாமலா இருக்கும்? அவர் வாளா இருக்கவில்லை. அந்நாளில் பெரும் புகழுடன் விளங்கிய நீதியரசர் மகாதேவ கோவிந்த இரானடேயை அணுகி, அரசுக்கு விண்ணப்பம் வரைந்து தருமாறு வேண்டினார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். விண்ணப்பத்தால் கதவு திறக்கவில்லை. முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது 1917இல் மகர்களைக் கொண்டு ஒரு படைப்பிரிவு அமைத்தனர். போர் முடிந்து சில ஆண்டுகளிலேயே அதனைக் கலைத்துவிட்டனர். இரண்டாம் உலகப் போரின்போது 1941இல்தான் மகர் படைப்பிரிவு முறையாக உருவாயிற்று. அதற்காக வாதாடியவர்களுள் முதன்மையானவர் இந்த இராம்ஜியின் மகன். தந்தை கேட்டதை மகன் பெற்றுத் தர ஏறத்தாழ ஐம்பதாண்டு ஆயிற்று.

பீமராவுக்கு இரண்டு மூன்று வயதாயிருக்கையில் இராம்ஜி ஓய்வு பெற்றார். குடும்பத்துடன் கொங்கணத்துத் தாபோலிக்கு வந்தார். ஓய்வு பெற்ற சிப்பாய்கள் பலர் குடியேறிய ஊர் அது. 1886இல் படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்று அவ்வூரில் தங்கிய கோபால் பாபா வலங்கர், 1888இல் தீண்டாமையைக் கண்டித்து ஒரு சிறு நூல் வெளியிட்டவர். இதழ்களில் எழுதியும் விண்ணப்பம் விடுத்தும் விழிப்பூட்டியவர். படைப் பள்ளியில் கற்ற எழுத்தைக் கொண்டே இம்மனிதர்கள் உரிமை கேட்கத் தொடங்கினர் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் தாபோலியில் தம் பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கிட்டாது என்று இராம்ஜி கண்டுகொண்டார். வேறு வேலை தேடிச் சாத்தாரா நகருக்குச் சென்று, பொதுப்பணித் துறையில் பண்டகக் காப்பாளராக அமர்ந்தார்.

சாத்தாராவில் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது. பீமாபாய் காலமானார். அப்போது பீமராவுக்கு ஐந்து அல்லது ஆறு வயதிருக்கும். இராம்ஜியின் தமக்கை மீராபாய் பிள்ளைகளை அரவணைத்தார். முதுகு கூனிய அவ்வம்மையாரின் அன்பே தாயற்ற பிள்ளைகளுக்குத் தாயாயிற்று. பின்னர் இராம்ஜி மறுமணம் செய்துகொண்டார். பீமராவுக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. தன் தாயின் நகைகளை மற்றொருத்தி அணிந்திருப்பதைக் காணப் பொறுக்கவில்லை. தந்தையின் சோற்றை உண்ணாமல் பம்பாய் சென்று ஆலைக் கூலியாகிவிட வேண்டும் என்று முடிவு செய்து, அத்தையின் இடுப்பில் செருகியிருந்த பணப்பையைத் திருட இரவு இரவாக முயன்றான் சிறுவன். ஒரு நாள் பை கைக்குக் கிடைத்தது. உள்ளே இருந்தது அரையணா! அந்த அரையணாவைக் கண்ட வெட்கத்தில்தான் இனி ஊன்றிப் படித்துத் தன் காலில் நிற்பதென்று உறுதி கொண்டதாகப் பிற்காலத்தில் அண்ணலே கூறியுள்ளார்.

பெரியோர் வரலாற்றில் இத்தகைய செய்திகளை மறைத்தெழுதுவது வழக்கம். நாம் மறைக்கவில்லை. இராம்ஜி கண்டிப்பு மிக்கவர். மாலை விளக்கேற்றியதும் பிள்ளைகள் வழிபாட்டுக்கு வந்து அமர்ந்தே தீர வேண்டும். மகனின் மனப்புண்ணை அவர் முற்றும் உணர்ந்தாரா என்பது நமக்கு ஐயமே. ஆயினும் அவர் மகன் தம்மை வெறுத்த நாளிலும் மகனின் படிப்பை விடவில்லை. வீட்டில் கோபம் வந்தால் முதலில் பிள்ளையின் புத்தகத்தைக் கிழிக்கும் தந்தையரைப் பார்த்துப் பழகிய நமக்கு இதன் அருமை தெரியும்.

சாத்தாரா அரசு உயர்நிலைப் பள்ளியில் 1900 நவம்பர் 7 அன்று பீமராவ் சேர்க்கப்பட்டார். வகுப்பில் ஏனைய பிள்ளைகள் அமரும் இடத்தில் அமர முடியாது. கோணித் துண்டு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து மூலையில் விரித்து அமர்ந்து, மாலையில் சுருட்டி எடுத்துச் செல்ல வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிப் பணியாள் திறந்துவிட்டால் குடிக்கலாம். பணியாள் இல்லையேல் தண்ணீரும் இல்லை. படைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் தலைமை நாற்காலியில் அமர்ந்தவரின் மகனுக்கு வெளியுலகப் பள்ளி அளித்த இருக்கை அந்தக் கோணித் துண்டு.

அடுத்த ஆண்டு, 1901 கோடையில், நிகழ்ந்தது பலரும் அறிந்த மசூர் நிகழ்ச்சி. இராம்ஜி அப்போது கட்டாவ் வட்டத்துக் கோரேகாவில் காசாளராகப் பணியில் இருந்தார். பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலையளிக்க அரசு அங்கே ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு வருமாறு பிள்ளைகளுக்குத் தந்தை எழுதினார். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி என்று உடுத்துச் சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இறங்கினர். அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. பிள்ளைகளின் கடிதத்தைப் பெற்ற பணியாள் அதை இராம்ஜியிடம் சேர்க்கவே இல்லை. அன்போடு விசாரித்த நிலைய அதிகாரி, மகர்ப் பிள்ளைகள் என்று கேட்டதும் முகம் மாறி அகன்றார். மாட்டு வண்டிக்காரர் எவரும் ஏற்ற இசையவில்லை. இறுதியில் இரு மடங்கு கூலி கொடுத்து, சிறுவர்களே வண்டியை ஓட்டி வர, வண்டிக்காரன் உடன் நடந்து வந்தான். கட்டுச்சோறு இருந்தும் குடிக்க நீர் இல்லாமையால் உண்ண முடியவில்லை. வழியில் சுங்கச் சாவடியில் தம்மை முஸ்லிம்கள் என்று சொல்லிக் கேட்டும் நீர் கிடைக்கவில்லை. இரவு முழுதும் பசியோடும் அச்சத்தோடும் கிடந்து, மறுநாள் முற்பகலில் கோரேகாவ் சேர்ந்தனர். முன்னறிவிப்பின்றி வந்து நின்ற பிள்ளைகளைக் கண்டு தந்தை திகைத்துப்போனார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் எல்லாரும் ஒன்பது பத்து வயதுச் சிறுவனின் உள்ளத்தில் பதிந்த வடுவைச் சொல்வர். நாமோ அந்தத் தந்தையை எண்ணிப் பார்க்கின்றோம். அரசின் பணத்தை நம்பி ஒப்படைக்கத் தக்கவராக அரசு அவரை ஏற்றிருந்தது. அவர் பிள்ளைகளுக்கு ஒரு குவளை நீரை நம்பித் தர அவ்வழியில் எவரும் இல்லை. அன்றிரவு அவர் பிள்ளைகளிடம் என்ன பேசியிருப்பார்? நாம் சிறுவனாயிருந்தபோது ஒரு தேநீர்க் கடையில் எமக்கெனத் தனியே மாட்டி வைத்திருந்த குவளையைக் கண்டு, ஏன் என்று தந்தையைக் கேட்டோம். அவர் விடை சொல்லாமல் கையைப் பற்றி வெளியே அழைத்து வந்துவிட்டார். அன்று முதல் அக்கடைக்கு அவர் சென்றதில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம்.

இனி, இராம்ஜி என்னும் ஆசிரியரைக் காண்போம். ஓய்வு பெற்ற பின் அவருக்குப் பள்ளி இல்லை, மாணவர் சிலரே, அவர்களும் தம் பிள்ளைகளே. அவர்களுக்குக் கற்பித்த முறையை அண்ணல் பல இடங்களில் நினைவுகூர்ந்துள்ளார். கணக்கிற்குக் கோகலேயின் கணக்கு நூல். ஆங்கிலத்திற்கு ஹோவர்டின் வாசக நூல்கள். மொழிபெயர்ப்பிற்குத் தர்க்கட்கரின் பயிற்சி நூல்கள் மூன்றும் மனப்பாடம். மராட்டிச் சொல் ஒன்றுக்கு நேரான ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பிடிக்கும் வரை விடமாட்டார். அரசியல் நிர்ணய சபையில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசிய மாமேதைக்கு அத்தராசைக் கையில் கொடுத்தவர் ஒரு பட்டாளத்துப் பந்தோஜி.

மாலையில் துக்காராம் முதலிய அடியார்களின் அபங்கப் பாடல்களும் கபீரின் பாடல்களும் ஓதப்படும். இராமாயண பாரதங்களையும் படிக்கச் செய்வார். இவற்றை நாம் ஏன் படிக்க வேண்டும், இவை நம்மை இழிவுபடுத்தும் நூல்கள் அல்லவா என்று வளர்ந்த மகன் வினவினான். தந்தை சினக்கவில்லை. நம் மக்களின் உள்ளத்தில் தாழ்வு மனப்பான்மை குடிகொண்டிருக்கிறது. எளிய நிலையில் இருந்த துரோணரும் கர்ணனும் எவ்வளவு உயர்ந்தனர் என்று படித்தால் அது நீங்கும். வான்மீகியாரும் அத்தகையவரே என்ற கருத்துப்பட விடையளித்தார். அவ்விடை மகனுக்கு நிறைவளிக்கவில்லை. நமக்கும் அவ்விடை போதாது. ஆனால் மகன் கேள்வி கேட்கலாம், தந்தை காரணம் கூற வேண்டும் என்ற ஒழுங்கு அவ்வீட்டில் இருந்ததே, அதனை எத்தனை வகுப்பறைகளில் காண முடிகிறது? பின்னாளில் தாம் புத்தரிடம் சென்று சேர்ந்த வழியை விளக்க வந்த அண்ணல், தந்தையோடு நிகழ்ந்த இந்த உரையாடலிலிருந்தே தொடங்குகின்றார்.

1904ஆம் ஆண்டளவில் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில் ஒரே அறை கொண்ட வீடு. அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை, அதுவே படிப்பறை. விறகு ஒரு புறம், தலைமாட்டில் எந்திரக்கல், கால்மாட்டில் கட்டிய ஆடு. இருவர் ஒருசேரக் காலை நீட்டிப் படுக்க இடமில்லை. ஆகவே தந்தையும் மகனும் உறக்கத்தைப் பங்கிட்டுக் கொண்டனர். இரவு முற்பகுதியில் பீமராவ் உறங்குவான், தந்தை விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்கச் சொல்லிவிட்டு, அவன் எழுந்த இடத்தில் தாம் படுப்பார். மண்ணெண்ணெய் விளக்கொளியில் விடியும் வரை படிப்பு நடக்கும். பாசறையில் முறைக்காவல் நின்று பழகியவருக்குத்தான் இந்த ஏற்பாடு தோன்றும்! ஆவடித் தொழிற்சாலைகளிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் இரவு முறை வேலை பார்த்துவிட்டு, விடியற்காலையில் வீடு திரும்பி, பிள்ளையை எழுப்பிப் புத்தகத்தின் முன் அமர்த்திவிட்டுப் படுக்கச் சென்ற தந்தையர் சிலரை நாம் அறிவோம். அவர்கள் பெயர் இம்மலரில் வரவில்லை. வர வேண்டும் என்று அவர்கள் கேட்டதுமில்லை.

பீமராவ் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பாட நூல்களோடு அவர் மனம் நிறையவில்லை. புதுப்புது நூல்கள் வேண்டும் என்று தந்தையை நச்சரிப்பார். ஓய்வூதியமோ சிறிது. நூல் வேண்டும் என்று மகன் சொன்னதும் இராம்ஜி தலைப்பாகையை எடுத்து அணிந்து புறப்படுவார். முதலில் இளைய மகள் வீடு. அங்குக் கையில் காசு இல்லையேல் மூத்த மகள் வீடு. அங்கும் இல்லையேல் மகளின் நகையொன்றைக் கேட்டு வாங்கி மார்வாடிக் கடையில் அடகு வைத்து, நூலோடு திரும்புவார். ஓய்வூதியம் வந்ததும் நகை மீண்டு மகள் கைக்குப் போகும். மீண்டும் ஒரு நூல் வரும். மீண்டும் நகை கடைக்குப் போகும். உடன்பிறந்த ஆனந்தராவ் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றார். தம்பியின் படிப்புக்காக அண்ணன் விட்ட படிப்பும், தமக்கையர் கழற்றிய நகையும் வரலாற்றில் ஒரு வரியாகக்கூட இடம் பெறுவதில்லை. நம் சமுதாயத்தில் முதலில் பட்டம் பெற்ற ஒவ்வொருவர் பின்னும் இவ்வாறு ஓர் அண்ணனும் ஒரு தமக்கையும் நிற்கின்றனர்.

மகன் வடமொழி கற்க வேண்டும் என்று தந்தை விரும்பினார். தீண்டப்படாத மாணவனுக்கு வடமொழி கற்பிக்க மறுத்தமையால் பீமராவ் பாரசீகம் படிக்க நேர்ந்தது. 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறினார். மகர்ப் பிள்ளை ஒருவன் இத்தேர்வில் தேறியது அந்நாளில் பெருஞ்செய்தி. பாராட்டுக் கூட்டம் கூடிற்று. ஆசிரியரும் எழுத்தாளருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை இளைஞருக்குப் பரிசளித்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடின் உதவித்தொகை பெற்றுக் கல்லூரிப் படிப்புத் தொடர அவரே துணை நின்றார். இளங்கலைப் பட்டமும் முடிந்தது.

உதவித்தொகை பெற்ற கடமையால் 1913 சனவரியில் பரோடா அரசின் பணியை ஏற்க மகன் புறப்பட்டார். இராம்ஜி இதனை விரும்பவில்லை. பரோடாவில் சாதிக் கட்டுப்பாடு மிகுதி என்றும், மகன் அங்கு அவமதிப்புக்கு ஆளாவான் என்றும் அஞ்சினார். அவர் அஞ்சியது பொய்க்கவில்லை என்பதைப் பிற்காலப் பரோடா வாழ்க்கை காட்டிற்று. ஆனால் மகன் சொல்லைக் காக்கச் சென்றார். சென்ற சில நாள்களிலேயே தந்தை நோயுற்றிருப்பதாகத் தந்தி வந்தது. உடனே புகைவண்டி ஏறினார். வழியில் சூரத்து நிலையத்தில் தந்தைக்குப் பிடித்த இனிப்பு வாங்க இறங்கினார். அதற்குள் வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியில் ஏறி மறுநாள் வீடு வந்து சேர்ந்தபோது தந்தை கண்ணை மூடாமல் காத்திருந்தார். மகனின் முதுகை நடுங்கும் கையால் ஒருமுறை தடவினார். 1913 பிப்ரவரி 2ஆம் நாள் சுபேதார் இராம்ஜி மாலோஜி சக்பால் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்து என்று எண்ணத்தக்கது எதுவும் இல்லை, கடன் இருந்தது.

அவ்வாண்டு சூலையில் மன்னரின் உதவியுடன் பீமராவ் நியூயார்க்கு சேர்ந்து கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயிலத் தொடங்கினார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களில் ஒன்று தந்தையின் பழைய நண்பரும் படையில் ஜமேதாராய் இருந்தவருமான ஒருவருக்கு எழுதப்பட்டது. பெற்றோர் பிள்ளைகளுக்கு உயிரைத் தருவதோடு நின்றுவிடாமல் அவர்கள் வாழ்வையும் உருவாக்க முடியும் என்றும், ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளையும் படிக்க வைத்தால் நம் முன்னேற்றம் விரைவுபடும் என்றும், அதை முதலில் தம் மகளிடமிருந்தே அவர் தொடங்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். தந்தை மறைந்த பின், அவர் படைத்தோழரின் வீட்டுப் பெண்குழந்தை பள்ளிக்குப் போகிறதா என்று கடல் கடந்து விசாரித்தார் அவர் மாணவர்.